இரண்டாவது ஓட்டை

வேனின் பக்கக் கதவு ஒரு விசித்திரமான பிடிவாதம் பிடித்தது. ஓட்டுநர் ஜன்னல் ஓர் அங்குலமாவது இறங்கியிருந்தால், விரலால் தள்ளினாலே போதும்; சறுக்கிக்கொண்டு போய் 'க்ளிக்' என்று மூடிக்கொள்ளும். ஜன்னலை முழுக்க ஏற்றிவிட்டால், எவ்வளவு வேகமாக இழுத்து அறைந்தாலும் கடைசி அரை அங்குலத்தில் தயங்கி நின்றுவிடும். இரண்டு மூன்று முறை அறைந்த பிறகுதான் வழிக்கு வரும். முன்னால் இருக்கும் ஜன்னலுக்கும் பக்கத்தில் இருக்கும் கதவுக்கும் அப்படி என்ன ஒட்டு உறவு? கிளெனிஸ் பர்டிக்கு விளங்கவில்லை.

கதவின் சின்னச் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தாள். தாழ்ப்பாளைக் கழற்றிக் கழுவி மாட்டினாள். கதவு ஓடும் பள்ளத்தில் அடைந்திருந்த களிமண் தூசியைப் பழைய பல் துலக்கியால் தோண்டி எடுத்தாள். கதவு மசியவில்லை.

"அதுக்கு உன்னைப் பிடிக்கல. அவ்வளவுதான்," என்றான் அவள் கணவன் கெல்வின், படுக்கையில் கிடந்தபடியே. சொல்லி முடித்ததும் இருமல் வந்துவிட்டது. நெஞ்சின் அடியிலிருந்து புறப்பட்டு, சீட்டி போல ஓர் இழுப்பில் போய் முடிகிற இருமல். கதவைவிட அதுதான் கிளெனிஸை அறுத்தது.

இருவரும் செம்மறியாட்டுக் கம்பளி வேலைக்காரர்கள். ஹே ஊரைச் சுற்றியுள்ள சமவெளியில், பண்ணை பண்ணையாகப் போகும் குழு ஒன்றில் வேலை. கத்தரித்து விழும் கம்பளியைக் கையில் எடுத்துப் பார்த்துத் தரம் பிரிப்பது அவள் வேலை. பிரித்ததை இயந்திரத்தில் போட்டு அமுக்கிப் பொதி கட்டுவது அவன் வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து பாதிக் காலம் அவன் ஒரு குழு, அவள் ஒரு குழு என்றே போயிற்று. ஒரு வழியாக ஒரே குழுவில் இடம் கிடைத்தபோது, பண்ணைக்குப் பண்ணை ஊரார் படுத்தெழுந்த கட்டிலில் படுக்க முடியாது என்று கிளெனிஸ் உறுதியாகச் சொல்லிவிட்டாள். அப்போது வாங்கியதுதான் இந்த வேன். ரொட்டிக்கடைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. பின்பக்கம் ஜன்னலே கிடையாது. நிமிர்ந்து நின்றால் தலை தட்டாத கூரை. கோடை முழுக்க இருவரும் சேர்ந்து அதை வீடாக்கினார்கள். சுவரின் இரும்பு விலாக்களுக்கு நடுவே கம்பளியை அடைத்து, மேலே ஒட்டுப்பலகை அடித்து, கட்டில், அலமாரி, அடுப்பு, கூரையில் திறந்து மூடும் சதுர ஜன்னல் எல்லாம் வைத்தார்கள்.

குளிர்காலம் வந்ததும் உள்ளே ஈரம் வர ஆரம்பித்தது. காலையில் கண் விழித்தால் தலையணை ஓரத்தில் சொட்டு. மெத்தையைத் தூக்கினால் அடியில் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. அது வந்த பிறகுதான் கெல்வினுக்கு இந்த இருமல். ஹே மருத்துவமனைச் செவிலி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டாள்: ஈரத்தை விட்டு வெளியே வா, இல்லையென்றால் இது ஆஸ்துமாவில்தான் கொண்டுபோய் விடும். பண்ணை விடுதியில் அறைகள் நிரம்பி வழிந்தன. ஊரில் கெல்வினின் மகள் ஒரு அறையை ஒழித்து வைத்துக் காத்திருந்தாள். அவன் அங்கே போனால், கிளெனிஸ் மறுபடியும் தனியாகத்தான் பண்ணை பண்ணையாகச் சுற்ற வேண்டும். எதை ஒழிக்க இந்த வேனைக் கட்டினாளோ, அதே பிரிவு.

"கூரை எங்கேயோ ஒழுகுது. ஓட்டையைக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்," என்று சொல்லிச் சிலிக்கோன் பசைக் குழாயோடு கூரை ஏறினாள். ஒவ்வொரு திருகின் தலையிலும், ஒவ்வொரு இணைப்பிலும் பசை பூசினாள். ஈரம் நிற்கவில்லை.

அந்த வாரம் ஒருநாள் இரவு முழுக்க மழை கொட்டியது.

காலையில் ஆடுகள் நனைந்து நின்றன. ஈரமான கம்பளியைக் கத்தரிக்கக் கூடாது. கத்தரிப்பவர்களுக்கு உடம்பு வலி வரும், பொதிக்குள் கம்பளி அழுகும். ஆனால் ஆடு ஈரமா இல்லையா என்று முடிவு செய்வது பண்ணைக்காரர் இல்லை, குழுத் தலைவரும் இல்லை. கத்தரிப்பவர்கள் ஆளுக்கு இரண்டு ஆட்டைக் கத்தரித்துப் பார்த்துவிட்டு, துண்டுச் சீட்டில் 'ஈரம்' அல்லது 'காய்ந்தது' என்று எழுதித் தொப்பியில் போடுவார்கள். யார் என்ன எழுதினார் என்று யாரும் கேட்கக் கூடாது. பெரும்பான்மை 'ஈரம்' என்றால் அன்று வேலை இல்லை. குழுத் தலைவன் டார்சி மல்காஹி தொப்பியைக் கவிழ்த்துச் சீட்டுகளைப் பிரித்தான். ஈரம்.

வேலை இல்லாத கூட்டம் சும்மா இருக்குமா? டார்சியின் கண் வேன் பக்கம் திரும்பியது. அவனிடம் ஒரு நீளமான கேரவன் உண்டு. காரின் பின்னால் கட்டி இழுத்து வருவது. சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் வேனைச் சீண்டாமல் அவனால் இருக்க முடியாது.

"ஆட்டுக்கு ஓட்டுப் போட்டாச்சு. அம்மணியோட ரொட்டி வண்டிக்கும் போட்டிரலாமா? ராத்திரி இவ்வளவு மழை. உள்ள மீனே நீந்தும்னு நினைக்கிறேன்."

"வா, வந்து கை வச்சுப் பாரு," என்றாள் கிளெனிஸ். அவளும் அன்று காலை இன்னும் மெத்தையைத் தூக்கிப் பார்த்திருக்கவில்லை.

கத்தரிப்பவர்கள் ஒவ்வொருவராகப் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார்கள். பிறந்ததிலிருந்து ஆட்டின் முதுகைத் தடவி ஈரம் பார்த்த கைகள். மெத்தைக்கு அடியில் விட்டார்கள், கூரைப் பலகையைத் தடவினார்கள், தலையணையை முகர்ந்தார்கள். வெளியே வந்து சிரித்துக்கொண்டே சீட்டு எழுதித் தொப்பியில் போட்டார்கள். டார்சி பிரித்தான். சிரிப்பு நின்றது. ஒரு சீட்டு பாக்கி இல்லாமல் எல்லாம் 'காய்ந்தது'.

"கள்ள ஓட்டு," என்றான் டார்சி.

கிளெனிஸ் சிரிக்கவில்லை. "கெல், நேத்து காலையில உள்ள எப்படி இருந்துச்சு?"

"சொட்டச் சொட்ட இருந்துச்சு. என் காது வரைக்கும். பகல் முழுக்க வெயில்ல போட்டுத்தானே மெத்தையைக் காய வச்சோம்."

"முந்தின ராத்திரி மழை உண்டா?"

"ஏது மழை? ஒரு மேகம் இல்ல. நட்சத்திரத்தை எண்ணலாம் போல இருந்துச்சு." கெல்வின் தலையைச் சொறிந்தான். "வானம் தெளிஞ்சா வீடு நனையுது, மழை கொட்டினா வீடு காயுது. இது வேனா, பில்லி சூனியமா?"

"எதுவா இருந்தாலும் ஒழுகல் இல்ல," என்றாள் கிளெனிஸ். அத்தனை பசையும் வீண் என்பது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் ஒரு பொய்க் காரணம் ஒழிந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது.

மழை நாள் என்பதால் தேநீர் மேசையில் பேச்சு நீண்டது. டார்சிக்கு விட மனமில்லை.

"கேரவன்னா ஊருக்குப் போறப்போ கழட்டி விட்டுட்டுப் போவேன். நீ ஒரு வெங்காயம் வாங்கணும்னாலும் கட்டிலு, சட்டி, பானைன்னு மொத்த வீட்டையும் ஓட்டிக்கிட்டுப் போகணும்."

"போறேன். கார் நிக்கிற இடத்துல நிறுத்திட்டு வர்றேன். நீ போன தடவை இந்தப் பண்ணை வாசல்லயே திருப்ப முடியாம சேத்துல இறக்கி, டிராக்டர் வந்துதானே இழுத்துச்சு?"

"என்னுதுல சுத்தி ஜன்னல் இருக்கு. உன்னுது சவப்பெட்டி."

"ரொட்டிக்கு எதுக்குடா ஜன்னல்?" என்றான் கெல்வின். மேசையே குலுங்கியது.

"சிரி, சிரி. வண்டி பழுதாகி பட்டறைக்குப் போச்சுன்னா எங்க படுப்ப?"

"பட்டறைக்காரன் கொல்லையில," என்றாள் கிளெனிஸ். "அதை ஒத்துக்கிறேன், டார்சி. எஞ்சின் படுத்தா வீடும் படுத்துரும். கையை விரிச்சுச் சோம்பல் முறிக்க இடமில்ல. குறுக்கே படுத்தா கெல்லுக்குக் கால் நீட்ட முடியாது. ஆனா உன் கேரவன் மரச்சட்டம், ஒட்டின பலகை. இந்தக் குண்டுகுழி ரோட்டுல நாலு வருஷம் இழுத்தா மூட்டுக்கு மூட்டு கழண்டுக்கும். இது ஒரே இரும்பு. எந்த ஊர்லயும் இதுக்கு உதிரிப் பாகம் கிடைக்கும்."

"இரும்புதான். அதான் வேர்க்குது," என்றான் டார்சி.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னான். அந்தச் சொல் மட்டும் கிளெனிஸின் மனதில் ஒட்டிக்கொண்டது.

வேர்க்கிறது. தெளிந்த வானத்து இரவில்தான் புல்லில் பனி உறையும் என்பது அந்தச் சமவெளியில் யாருக்கும் தெரிந்த சங்கதி. மேகம் நிலத்துக்கு ஒரு கம்பளி மாதிரி. அது மூடியிருந்தால் நிலத்தின் சூடு போகாது. மேகம் விலகினால் எல்லாச் சூடும் வானத்தைப் பார்த்துக் கிளம்பிவிடும். முதலில் குளிர்ந்து போவது மெல்லிய இரும்புத் தகடு, அதாவது வேனின் கூரை. இரண்டு பேர் இரவு முழுக்க மூச்சுவிட்டால் ஒரு கெட்டில் தண்ணீராவது ஆவியாக வெளியே வரும். போதாததற்குக் கெல்வின் குளிருக்குப் பயந்து உள்ளேயே அடுப்பு மூட்டி வெந்நீர் போடுகிறவன். அந்த ஆவி கம்பளிக்குள் புகுந்து, பின்னாலிருக்கும் குளிர்ந்த தகட்டில் பட்டுத் தண்ணீராகி, திருகு வழியாகத் தலையணையில் சொட்டுகிறது. மழை வெளியிலிருந்து வரவில்லை. இருவரும் சேர்ந்து உள்ளேயே மழை பெய்ய வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆவி வெளியே போகணும். கூரை ஜன்னலைத் திறந்து வச்சுத் தூங்குவோம்," என்றாள்.

"செத்துருவேன்டீ."

"போர்வை ரெண்டு தர்றேன்."

சனிக்கிழமை இரவு வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. கூரை ஜன்னலை அகலத் திறந்து படுத்தார்கள். கெல்வின் தலையில் கம்பளித் தொப்பி, காலில் இரட்டைக் காலுறை. காலையில் புல் வெளுத்திருந்தது. கிளெனிஸ் எழுந்ததும் மெத்தைக்கடியில் கை விட்டாள். ஈரம். முன்னைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் ஈரம்தான். கெல்வினின் இழுப்பு முன்னைவிட மோசம்.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரட்டைக் காலுறையைக் கழற்றினான். பிறகு, "நாளைக்குக் காலையில டார்சி சாமான் வாங்க ஊருக்குப் போறான். அவன்கூடப் போயிடறேன், கிளென். சீசன் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்," என்றான்.

"ஒரு பொழுது முழுசா இருக்கு."

"உன்னால விட முடியாதுன்னு தெரியும். அதுக்காக என் நெஞ்சை வச்சு விளையாடாதே."

அவன் பையில் சட்டைகளை மடித்து வைத்தான். டார்சியின் காரில் இப்போதே போட்டு வைக்கப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, கோபம் பாதி வருத்தம் பாதியாகக் கதவை இழுத்து அறைந்தான்.

உள்ளே உட்கார்ந்திருந்த கிளெனிஸின் இரண்டு காதுகளும் 'தப்' என்று அடைத்தன. யாரோ காதுக்குள் கட்டை விரலை வைத்து அமுக்கி எடுத்தது போல.

கண் விழித்ததுமே குளிருக்காகக் கூரை ஜன்னலையும் மூடியிருந்தார்கள்; முன் ஜன்னலும் இறுக ஏற்றியிருந்தது. கதவு வழக்கம்போல அரை அங்குலத்தில் நின்றுவிட்டது. கிளெனிஸ் காதைத் தடவிக்கொண்டு அந்த அரை அங்குல இடுக்கையே பார்த்தாள்.

"கெல்! இன்னொரு தடவை அறை!"

"என்ன?"

"அறைடா!"

அவன் அறைந்தான். மறுபடியும் காது அடைத்தது. கதவு மறுபடியும் நின்றது. அவள் முன்னால் தாவிப் போய் ஜன்னலை ஓர் அங்குலம் இறக்கினாள். "இப்போ மெதுவா தள்ளு." க்ளிக். காதில் ஒன்றும் இல்லை.

கதவில் கோளாறு இல்லை. இவ்வளவு பெரிய கதவு வேகமாக வரும்போது அதற்கு முன்னால் இருக்கும் காற்றையும் உள்ளே தள்ளிக்கொண்டு வருகிறது. அந்தக் காற்று வெளியே போக ஒரு வழி வேண்டும். ஜன்னல் திறந்திருந்தால் அதன் வழியே போகிறது. இல்லையென்றால் காற்றே கதவைத் திருப்பித் தள்ளுகிறது.

அவள் வெளியே குதித்தாள். "இந்த வேனை வாங்க வந்தோமே, அன்னைக்குக் கதவு எப்படி மூடுச்சு?"

"வெண்ணெய் மாதிரி."

"ஜன்னல் திறந்திருந்துச்சா?"

கெல்வின் யோசித்தான். "இல்ல. பயங்கர வெயில், அந்த ஆளு ஏசி போட்டு வச்சிருந்தான்."

"அப்போ காற்று எந்த வழியா போச்சு?"

இருவரும் வேனைப் பார்த்தார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: இவர்கள் உள்ளே அடைத்த கம்பளி. அதை அடைத்தவன் கெல்வின். வாழ்நாளெல்லாம் பொதி அமுக்கியவன் கை. பொதியில் எங்காவது தளர்வாக இருந்தால் அது அவனுக்கு மானக்கேடு. வேனின் சுவரில் ஒரு பொந்து, ஒரு மூலை விடாமல், விரல் நுழையாதபடி குத்திக் குத்தி அடைத்திருந்தான். முடித்த அன்று சுவரைத் தட்டிப் பார்த்து, "இதுக்குள்ள எறும்பு கூடத் திரும்ப முடியாது," என்று பெருமையாகச் சொன்னதும் அவன்தான்.

கிளெனிஸ் வண்டிக்குப் பின்னால் போய் மல்லாந்து படுத்து, பம்பருக்கு அடியில் தலையை விட்டாள். பின்மூலையில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புச் சட்டம். உள்காற்று வெளியேற வண்டி செய்தவர்களே விட்டிருந்த வழி; அதில் வரிசையாக மெல்லிய ரப்பர் இதழ்கள். ஒவ்வோர் இதழின் ஓரத்திலும் வெள்ளை வெளேரென்று மெரினோ கம்பளி பிதுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மூலையிலும் அப்படியே.

"கெல், வந்து உன் வேலையைப் பாரு."

அவனும் படுத்துப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். "நல்லா அடைச்சிருக்கேன்," என்றான் கடைசியில்.

உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் இருபக்கமும் ஒட்டுப்பலகையில் சதுரமாக ரம்பத்தால் அறுத்தார்கள். கெல்வின் தன் கையாலேயே கம்பளியைப் பிடுங்கினான். கொத்துக் கொத்தாக, நனைந்து, பூஞ்சை வாசனையோடு வந்தது. எல்லா ஜன்னலையும் ஏற்றிவிட்டுக் கதவைத் தள்ளினான். க்ளிக்.

"சரி, கதவு மூடுது. ஈரம்? நேத்து மேல திறந்துதானே தூங்கினோம்?"

கிளெனிஸ் மேசையிலிருந்து ஒரு புது டப்பாப் பாலை எடுத்தாள். தேநீருக்கு அவன் ஊற்றிக்கொள்ளும் கெட்டிப் பால். ஆணியால் ஒரே ஓர் ஓட்டை போட்டு அவனிடம் கொடுத்தாள். "ஊத்து."

கவிழ்த்தான். ஒரு சொட்டு வந்து தொங்கியது. அவனுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆணியை வாங்கி எதிர்ப்பக்கம் இன்னொன்று குத்தினான். பால் நூலாக இறங்கியது.

"நேத்து நாம போட்டது ஒரே ஓட்டை. கீழ இருந்து காற்று உள்ள வந்தாத்தான் மேல இருக்கிற ஆவி வெளியே போகும்," என்றாள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அந்த ரப்பர் இதழ்கள் வெளிப்பக்கம் மட்டுமே திறக்கும். கதவு தள்ளும் காற்றை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. அதனால் இடது மூலையை அப்படியே விட்டாள். வலது மூலையில் இதழ்களைக் கழற்றிவிட்டு, எலி நுழையாதபடி கம்பி வலையும் அதன் மேல் கொசுவலையும் அடித்தாள். எஞ்சினின் புகைக் குழாய் இடப்பக்கம் இருப்பதால்தான் வலதைத் தேர்ந்தெடுத்தாள். வண்டி ஓடும்போது தூசியும் புகையும் வராமல் இருக்கச் சறுக்கி மூடும் ஒரு தகடும் வைத்தாள். மெத்தையை வெயிலில் போட்டு, பூஞ்சையை வினிகரால் துடைத்தார்கள். வெந்நீர் போடும் கெட்டில் வெளியே போயிற்று.

"ஒரே ஒரு ராத்திரி," என்றான் கெல்வின். கட்டிய பையை அவன் பிரிக்கவில்லை. கதவோரமே வைத்திருந்தான்.

அன்றிரவும் மேகம் இல்லை. கூரை ஜன்னலை ஒரு விரல் அளவுக்கு மட்டும் திறந்து வைத்தார்கள். கிளெனிஸுக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் அவன் மூச்சு உள்ளே போய் வெளியே வருவதையே கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

விடிந்ததும் டார்சி வந்து வேன் கதவைத் தட்டினான். புல்வெளி உப்புப் பூத்தது போல வெளுத்திருந்தது. அவன் கேரவனின் ஜன்னல்கள் அத்தனையிலும் உள்பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"கிளம்பலாமா, கெல்?"

கெல்வின் மெத்தையின் மூலையைத் தூக்கிப் பிடித்தான். டார்சி கை விட்டான். இன்னும் ஆழமாக விட்டான். கூரைப் பலகையைத் தடவினான். தலையணையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, "காய்ந்தது," என்றான்.

கெல்வின் கதவோரம் இருந்த பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். காற்று வரும் ஓட்டையை மறைக்கிறது என்று உடனே குனிந்து நகர்த்தி வைத்தான்.

"அப்படி என்னதான் பண்ணினே, அம்மணி? என் கேரவன்லயும் ஊத்துது," என்றான் டார்சி.

"பின்னால கீழ ஒரு ஓட்டை, கூரையில ஒரு ஓட்டை," என்றாள் கிளெனிஸ். "ரெண்டையும் மூடாம தூங்கினோம்."